செவிக்கும் ஓர் அளவு

இல்லறத்தில் வாழும் சிராவகர் இசை கேட்டு மகிழலாமா? அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பிற்பகலில் வானொலிப் பெட்டியைத் திறக்கும்போது இவ்வினா நம் இல்லங்களில் எழுவதுண்டு. "செவியின்பம் தேடுவதும் பற்றுத்தானே?" என்பர் பெரியோர். "கேட்பதில் என்ன இம்சை?" என்பர் இளையோர். இரண்டுமே எண்ணிப் பார்க்கத் தக்கவை.

செவியை நம் சமயம் இழிவாகக் கருதவில்லை. வண்டும் ஈயும் நான்கு பொறிகள் உடையவை; அவற்றிற்குச் செவி இல்லை. ஐந்தாம் பொறியாக வருவது செவியே. சமவசரணத்தில் பகவானின் திவ்யத்தொனியை உயிர்கள் ஏற்றதும் செவி வழியேதான். திருத்தக்கதேவரும் சீவகனை இசைப்போட்டியில் காந்தருவதத்தையை வெல்லச் செய்து, இறுதியில் முத்தி இலம்பகத்துக்கு அழைத்துச் செல்கிறார்.

ஆயினும் அளவு வேண்டும். ஒருமுறை துய்த்து விடப்படுவது போகம், உணவைப் போல. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம்; உடையைப் போல. இவ்வாறு இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பிரித்துக் காட்டும் சமந்தபத்திராசாரியர், ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள் எனக் காலம் குறித்து விலக்க வேண்டியவற்றுள் உணவு, ஊர்தி, தாம்பூலம், அணிகலன்களோடு இசையையும் பாட்டையும் சேர்த்துள்ளார். இதுவே நியமம் எனப்படும்.

சென்னையில் 1938இலும், திருச்சியில் 1939இலும் வானொலி நிலையங்கள் எழுந்தன. நகரத்துச் சபைகளுக்குச் செல்ல இயலாத நமக்கும், மதுரைக்கு மேற்கே எழுமலை வரையிலும், நல்லிசை வானொலி வழியே வந்தது. அதில் பாடகரைத் தேர்வது நாமல்லோம். பிடித்த ஆலாபனையை மறுமுறை பாடச் சொல்லவும் இயலாது. நேரம் முடிந்தால் இசையும் முடியும். ஆகவே அது போகம். அதே இசையைக் கைபேசியில் பதிந்து, வேண்டும்போதெல்லாம் ஒலிக்கச் செய்தால் உபபோகமாகிறது. இசை பயில்வோர் பலமுறை கேட்டாக வேண்டும், அது கல்வி. ஏனையோர்க்கு 'இன்னும் ஒருமுறை' என்னும் வேட்கையே பற்றின் தொடக்கம்.

ஸ்ரீபுராணம் கூறும் நீலாஞ்சனையை நினைப்போம். விருஷபதேவர் திருமுன் ஆடிக்கொண்டிருந்தபோதே அவள் ஆயுள் முடிந்தது. அவையின் இன்பம் குலையாதிருக்க, இந்திரன் அந்நொடியே அவளைப் போன்ற வேறொருத்தியை நிறுத்தினான். ஆட்டம் தொடர்ந்தது என்றே அவையோர் எண்ணினர். பகவான் ஒருவரே முடிவைக் கண்டார், துறவு பூண்டார். முடிந்த பாட்டை உடனே மீண்டும் ஒலிக்கச் செய்யும்போது, இந்திரன் செய்ததை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம். முடிவு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே விரத நாளில் இசையை விலக்குவோம். ஏனைய நாள்களில் 'இன்று ஒரு கச்சேரி' என வரையறுத்து மனம் ஒன்றிக் கேட்போம். மங்களம் நிறைவுற்றதும் பெட்டியை மூடிவிட்டு, சற்று நேரம் சாமாயிகத்தில் அமர்வோம். இவ்வாறு கேட்கப் பழகினால் பெரியோர் சொல்லும் நிலைக்கும். இளையோர் கேட்ட வினாவுக்கும் விடை கிடைக்கும்.

அறம் வளர்க!