நோன்புக் கஞ்சி என்னும் பெயர்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் பள்ளிவாசல்களில் றமழான் மாதத்தில் பகிரப்படும் உணவுக்கு நோன்புக் கஞ்சி என்று பெயர். அரிசியும் தேங்காய்ப்பாலும் உள்ளியும் வெந்தயமும் இறைச்சியும் குழைய வெந்து, இஸ்லாத்தின் கட்டாயக் கடமையொன்றோடு இணைந்து நிற்கும் அவ்வுணவின் பெயரில் அறபுச் சொல் ஒன்றேனும் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

கஞ்சி பழந்தமிழ்ச் சொல். சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் அறம் நிலைத்த அட்டில்களில், அதாவது ஊருக்குச் சோறிடும் சமையற்கூடங்களில், வடிக்கப்பட்ட கஞ்சி தெருவில் ஆறாக ஓடியதைக் காட்டுகிறது. அங்கே அச்சொல் சோற்றிலிருந்து வடித்த நீரைக் குறித்தது. சோறும் நீரும் பிரியாமல் குழைந்த உணவையும் பின்னர் அதுவே குறிக்கலாயிற்று. போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில் இச்சொல் இடம்பெற்றது. போர்த்துக்கேய மொழி வழியே இச்சொல் பரவ, இன்று பிரேசிலிலும் அரிசியிட்ட கோழிச் சாறு ‘கான்ஜா’ எனப்படுகிறது. ஆயினும் சங்க நூலிலேயே இப்பெயர் அறக்கூடத்து அடுப்போடு சேர்ந்து காணப்படுவதே இங்கு முதன்மையானது.

நோன்பு என்பது ‘நோல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பது அதன் பொருள். அறபியின் ‘ஸவ்ம்’ தன்னைத் தடுத்துக்கொள்வதைக் குறிக்க, தமிழ்ச் சொல்லோ அத்தடுப்பினால் வரும் வருத்தத்தைத் தாங்கிக்கொள்வதைக் குறிக்கிறது. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்கு வழங்கிய பள்ளி என்னும் சொல்லையும், தொழுகை, ஓதல் என்பவற்றையும் தமிழ் முஸ்லிம்கள் இவ்வாறே தமது மார்க்கத்துக்கு உரியனவாக்கிக்கொண்டனர்.

வேற்றுச் சமய வழக்கில் இருந்த சொல் இஸ்லாமிய வணக்கத்தைத் தாங்குமா என்பதே கேள்வி. தொழுகையில் ஓதப்படும் குர்ஆன் அறபியிலேயே ஓதப்படுகிறது, அதில் ஐயமில்லை. ஆயினும் நோன்புக்கு உயிரான நிய்யத்தின், அதாவது எண்ணத்தின், இடம் உள்ளமே என்பது மார்க்கச் சட்ட அறிஞர் கொள்கை. நோன்பாளிக்கு உணவளித்தவர் அவருக்கு நிகரான நன்மையைப் பெறுவார் என்னும் நபிமொழியும் நன்மையைச் செயலோடுதான் பிணைக்கிறது. துயருற்றோரின் மனத்தை ஆற்றுவதென ஆயிஷா நாயகி (ரழி) அறிவித்த வாற்கோதுமைக் கஞ்சியின் பெயரான ‘தல்பீனா’கூட, பாலைக் குறிக்கும் ‘லபன்’ என்ற அன்றாடச் சொல்லிலிருந்தே வந்தது. எனவே நோன்பை ஸவ்ம் என்று மாற்றிச் சொல்வதால் இறையச்சம் கூடுவதுமில்லை, நோன்பு என்றே சொல்வதால் குறைவதுமில்லை. தலைமுறைகளின் வணக்கத்தைச் சுமந்த இச்சொற்களைப் பொருளோடு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது இக்கரையின் மத்றஸாக்களும் பாடசாலைகளும் ஏற்கவேண்டிய பணியாகும்.