எத்தனை குடம் கேட்கும்?

போன கார்த்திகையில் ஓர் அட்டைப்பெட்டி வாசலுக்கு வந்தது. பக்கவாட்டில் காற்றுத் துளைகள். உள்ளே, ஈரமான தென்னைநார்த் துகளில் வேரைப் பொதிந்து, ஒரு சாண் உயரத்தில் ஹைட்ரேஞ்சியா. கொடைக்கானலில் ஒரு வீட்டுச் சுவரோரம் அது நீலப் பந்துகளாகப் பூத்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்குள் இருந்த ஆசை. செல்போனில் செடியைத் தேர்ந்தெடுத்து, 627756 என்று பின்கோடை அடித்தேன். சங்கரன்கோவிலுக்கு அனுப்புவோம் என்று காட்டியது. என்னிடம் கேட்கப்பட்டது அந்த ஆறு எண்கள் மட்டும்தான்.

ஆச்சி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குய்யா. எத்தனை குடம் தண்ணி கேக்கும்?" என்றாள்.

பூவின் நிறம் எனக்குத் தெரியும், விலை தெரியும், வாங்கியவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் தெரியும். குடக் கணக்கு தெரியாது.

ஆன்லைனில் செடி வாங்குவதை நான் குறைவாகப் பேச மாட்டேன். எங்கள் தெருவில் பல வீடுகளில் தறி போட்டபோதே முற்றம் போய்விட்டது. மிச்சம் இருப்பது மொட்டைமாடி. அங்கே கரிசலைச் சுமந்து ஏற்ற முடியாது. நனைந்தால் அதன் கனமே வேறு. ஐந்து கிலோ தென்னைநார்க் கட்டி வீட்டுக்கே வருகிறது. அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கிப் பொங்கி அண்டாவை நிறைக்கிறது. அதை இரண்டு மூன்று முறை அலசி உப்பை இறக்கிவிட்டு, மண்புழு உரம் கலந்து பைகளில் நிரப்பினால் கத்தரியும் தக்காளியும் தாராளமாக வரும். முழங்கால் வலியால் தெருமுனைக்கும் போகாத என் பெரியம்மை, இப்படி வந்த பைகளில் பதினொரு வகைக் கீரை போட்டிருக்கிறாள். முன்பெல்லாம் ஒரு நல்ல ஒட்டுச்செடி வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, திரும்பும்போது அதை மடியில் வைத்து முறியாமல் காத்துக்கொண்டு வர வேண்டும். அந்த அலைச்சலும், போக முடியாதவர்களின் ஏக்கமும் தீர்ந்தது பெரிய காரியம்.

ஆனால் தொட்டியில் கரிசல் நிரப்பி நான் வைத்த ஹைட்ரேஞ்சியா மாசியில் வெளிறத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை முழுக்க மஞ்சள். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் செடியின் பூ நீலமாவதும் இளஞ்சிவப்பாவதும் மண்ணைப் பொறுத்தது. மண்ணில் அமிலத்தன்மை இருந்தால், அதிலுள்ள அலுமினியத்தை வேர் எடுத்துக்கொண்டு பூவை நீலமாக்கும். எங்கள் கரிசல் அப்படியே எதிர்ப்பக்கம்; சுண்ணாம்பு கலந்தது, காரத்தன்மை உள்ளது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அந்த வேருக்குக் கிடைக்காது. நான் ஊற்றியதும் உப்பேறிய போர்த் தண்ணீர். சோற்றுப்பானைக்கு முன்னால் உட்கார வைத்துப் பட்டினி போட்டது போலத்தான் அதை வைத்திருந்தேன். சித்திரை வெயிலில், காடெல்லாம் கை நுழையும் அளவு வெடித்துக் கிடந்தபோது, அது கருகியது. அனுப்பியவர்கள்மேல் குற்றமில்லை. நல்ல செடியைத்தான் அனுப்பினார்கள். ஆசைக்குத் தக்க செடியைத் தேடிய நான், செடிக்குத் தக்க இடம் என்னிடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அதற்காக, வெளியூர்ச் செடியே கூடாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்பையும் ஜாதிக்காயையும் கொண்டுவந்து குற்றாலத்தில் வைத்தார்கள். இதே சீமையில் எத்தனையோ வெட்டவெளி கிடக்க, சாரல் விழும் மலையடிவாரத்தைத் தேடிப் போனார்கள். வியாபாரத்துக்காகத்தான் செய்தார்கள் என்றாலும், மரத்துக்கு முன்னால் இடத்தைப் பார்த்தார்கள். இன்னும் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பூத்துக் குலுங்கும் மல்லிகைக்கு நாற்று ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கத்து மணலில் வளர்ந்து போகிறது. கடலோர மணலில் வேர் பிடித்த கன்று உள்நாட்டு மண்ணில் வாழ்கிறது; இந்த மண் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று கைகள் பல தலைமுறையாகப் பார்த்து வைத்திருக்கின்றன. எங்கள் பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன்னே மல்லியும் பிச்சியும் மூட்டைகளில் வந்திறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், கிணற்றின் ஆழம் முதல் கவாத்து நாள் வரை எத்தனை கணக்கு அந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மண்ணையே பிரசாதமாகக் கொடுக்கும் கோயில் எங்கள் ஊரில் இருக்கிறது. சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டும் உடம்பில் பூசிக்கொண்டும் வளர்ந்தவன் நான். ஆடித்தபசுக்கு வரும் வெளியூர்ச் சொந்தங்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நெருக்கமாக இருந்த மண்ணைப் பற்றி, அது எதை வளர்க்கும், எதை வளர்க்காது என்று ஒருநாளும் கேட்டதில்லை. செடி விஷயத்தில் மட்டுமல்ல, படிப்பில், வேலையில், பிள்ளைகளுக்காகப் போடும் திட்டங்களில் எத்தனை நீலப் பந்துகளை இப்படி வரவழைத்திருக்கிறேன் என்று அந்தக் கருகிய குச்சியைப் பார்த்தபோது யோசித்தேன். ஆசைப்பட்டதற்காக வருத்தமில்லை. நாலு மாதம் ஓர் உயிரை வாட வைத்ததுதான் உறுத்துகிறது.

ஐப்பசி மழையில் ஆச்சி அந்தத் தொட்டியைக் கொட்டி, கரிசலோடு மிச்சமிருந்த நார்த்துகளைக் கலந்து, பக்கத்து வீட்டுப் பிச்சிக்கொடியில் போட்டிருந்த பதியனை வெட்டி நட்டாள். இரண்டு கொழுந்து விட்டிருக்கிறது.

நேற்று ராத்திரி மறுபடி செல்போனைத் திறந்தேன். அடினியம், தண்டு தடித்துத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் ஜாதி. வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. விலையைப் பார்க்கும் முன் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"ஆச்சி, இதுக்குக் குடமெல்லாம் வேண்டாம். மண்ணு நல்லாக் காஞ்ச பிறகு ஒரு செம்பு தண்ணி போதுமாம்."

"மாடி வெயில் தாங்குமா?"

"வெயில்தான் வேணுமாம்."

"அப்ப வரச் சொல்லு" என்றாள்.