காலையில் யார் எழுப்புவது?

குழந்தை யாரிடம் இருப்பது என்று நடக்கும் வழக்கின் கட்டைப் புரட்டினால் எல்லாம் இருக்கும். சம்பளச் சான்று, வாடகை ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகளின் நகல், எந்தத் தேதியில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்ற விவரம், மாமியார் மீது ஒரு பக்கம், மச்சினன் மீது அரைப் பக்கம். குழந்தையைப் பற்றி இருப்பது பெயரும் பிறந்த தேதியும், கடைசியில் 'மைனரின் நலன் கருதி' என்று ஒரு வரியும்தான். ஆனால் சட்டப்படி அந்த ஒரு வரிதான் வழக்கு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. அந்த நலனை எதைக் கொண்டு அளப்பது?

போடிநாயக்கனூரை வைத்தே யோசிக்கலாம். ஏலக்காய் பறிக்கிற மாதங்களில் இந்த ஊரில் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு பெண்கள் ஜீப் ஏறுவார்கள். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறைப் பக்கமோ சாந்தன்பாறைப் பக்கமோ போய், செடியின் தூரில் குனிந்து காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளையை எழுப்பி, பல் விளக்க வைத்து, தலை சீவி, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் அம்மாச்சி. சில குடும்பங்கள் மலையிலேயே, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தங்கிவிடும். பிள்ளை மட்டும் அடிவாரத்தில் அப்பத்தா வீட்டிலிருந்து படிக்கும்.

இப்படி ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து, ஆறு வயதுப் பிள்ளைக்காகத் தேனி லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தரப்பு என்ன சொல்லும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்: விடியுமுன் போய் இருட்டி வருகிற தாய் எப்படிப் பிள்ளையைப் பார்ப்பார்? அம்மா தரப்பும் அப்படித்தான்: அவருக்கு நிலையான வேலை உண்டா, குடிக்காமல் ஒருநாள் இருந்தாரா? இதே ஊரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. அங்கே கூடுதல் விலை கேட்டவருக்குச் சரக்கு போகும். எதிரெதிர் மனுக்களும் அந்த முறையில்தான் எழுதப்படுகின்றன. பெரிய வீடு, நல்ல சம்பளம், இங்கிலீஷ் மீடியம் பள்ளி என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தினமும் தலை சீவிவிடுகிற அந்த அம்மாச்சியின் பெயர் இரண்டு மனுவிலும் வருவதில்லை.

சட்டம் இவ்வளவு குறுகலானதல்ல. 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புரியோர் சட்டத்தின் 17-ம் பிரிவு, குழந்தையின் வயது, பாலினம், மதம், கேட்பவரின் குணம், அவருடைய தகுதி, உறவின் நெருக்கம், அதோடு குழந்தைக்கும் அவருக்கும் முன்பும் இப்போதும் உள்ள பழக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. புத்தியோடு விருப்பம் சொல்லும் வயது என்றால் அந்த விருப்பத்தையும் கவனிக்கலாம் என்கிறது. 1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13-ம் பிரிவு நலனையே எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. 1973-ல், சென்னையிலிருந்து போன ஒரு தம்பதியின் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, நலன்தான் முக்கியம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எது நலன் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையில் வேலை பார்த்த நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற தாசில்தார், 1910 மார்ச்சில் தன் இரண்டு மகன்களின் காப்பாளர் உரிமையைச் சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். தாய் 1905-லேயே இறந்துவிட்டார். மூத்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, இளையவர் நித்யானந்தா. உலகத்துக்கு வழிகாட்ட வரப்போகும் குரு மூத்தவர்தான் என்று சபை நம்பியது. சபையின் முக்கியஸ்தர்களில் ஒருவரான லெட்பீட்டரோடு பிள்ளைகள் பழகுவது தந்தைக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் இங்கிலாந்து போன பிறகு, 1912 அக்டோபரில், திருப்பித் தரச் சொல்லிச் செங்கல்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சர் சி.பி. என்று பின்னாளில் பெயர் பெற்ற சி.பி. ராமசாமி ஐயர் அவருக்காக வாதாடினார். பெசன்ட் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே எழுந்து வாதாடினார். (சில ஆண்டுகளுக்குள் இதே இருவரும் ஹோம் ரூல் இயக்கத்தில் ஒரே மேடையில் நின்றார்கள். பெரியவர்களின் சண்டை எவ்வளவு சீக்கிரம் ஆறிவிடுகிறது!) 1913-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 1914 மே மாதம், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் ரத்து செய்தது.

ரத்து செய்ததற்குச் சொன்ன காரணங்கள் நமக்கு முக்கியம். தந்தையின் காப்பாளர் உரிமை அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அதைத் திரும்பப் பெற முடியாதபடி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டது. அதுவரை தந்தை பக்கம்தான் நியாயம். ஆனால் படிப்புக்காக இங்கிலாந்து போய்விட்ட பிள்ளைகள் செங்கல்பட்டு ஜில்லாவில் வழக்கமாக வசிப்பவர்கள் ஆவார்களா? ஆகமாட்டார்கள் என்பதால் அங்கே தொடுத்த வழக்கு செல்லாது. அதைவிடப் பெரிய குறை, இவ்வளவு வாதமும் நடந்து முடிந்திருக்க, பிள்ளைகளின் விருப்பம் என்னவென்று யாரும் முறையாகக் கேட்டறியவில்லை. அவர்கள் சார்பில் அந்த நீதிமன்றத்தில் யாரும் நிற்கவும் இல்லை.

தீர்ப்பு வந்தபோது கிருஷ்ணமூர்த்திக்குப் பத்தொன்பது வயது.

அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். இந்தப் பையனுக்கு எது நல்லது என்று இரண்டு தரப்பும் உறுதியாகச் சொன்னார்கள். தந்தை, பெசன்ட்டிடம் இருந்தால் கெட்டுப்போவான் என்றார். பெசன்ட், உலக குருவாக வளருவான் என்றார். நடந்தது வேறு. ஆக்ஸ்ஃபோர்டு கிருஷ்ணமூர்த்தியைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. தம்பி 1925-ல் காசநோயால் இறந்தார். 1929-ல், தனக்காகவே எழுப்பப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்து, நான் யாருக்கும் குரு அல்ல என்று எழுந்து போனார். எந்த நீதிபதி எவ்வளவு கூர்மையாக யோசித்திருந்தாலும் 1913-ல் இதை ஊகித்திருக்க முடியாது.

அதனால்தான் நலன் என்பதை வருங்காலக் கணிப்பாக வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பெற்றோரிடம் இருந்தால் பிள்ளை டாக்டராகும், எங்கே வளர்ந்தால் வழி தவறும் என்பதைச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் வழியில்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பிள்ளையை யார் எழுப்புகிறார் என்பதைக் கண்டுபிடிக்க முடியும். காய்ச்சல் வந்த ராத்திரி பக்கத்தில் படுத்தவர் யார்? எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது யாருக்குத் தெரியும்? டீச்சர் போன் பண்ணினால் எடுப்பது யார்? சின்ன வயதில் யாரைப் பார்த்தால் அழுகை நின்றது? இவையெல்லாம் நடந்து முடிந்த, சாட்சியத்தால் நிரூபிக்கக்கூடிய விஷயங்கள். ஒரு பிள்ளையின் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று மணிக்கணக்கில் எழுதி வாங்கினால், நூறு பக்க மனுவைவிட அது நீதிபதிக்கு உதவும்.

அப்படி எழுதினால் போடியின் அந்தத் தாய் மீதான குற்றச்சாட்டு வேறு மாதிரித் தெரியும். அவர் விடியுமுன் போகிறார், உண்மை. போகும்போது யாரிடம் விட்டுப் போகிறார், அந்த ஏற்பாடு எத்தனை வருஷமாக நிற்கிறது, பிள்ளை அதில் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூலி குறைவு என்றால் தகப்பனிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தர வேண்டும். ஏழ்மைக்கு மருந்தாகப் பிள்ளையை இடம் மாற்றுவது அநியாயம். தகப்பனும் இதே அளவுகோலில் நிற்கட்டும். கல்லா கட்டத் தெரியாத, ஆனால் தினமும் மகளைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோன தகப்பன்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கணவனாக அவர் தோற்றிருக்கலாம். அது வேறு கணக்கு.

மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையில் வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது 1890 சட்டத்தின் 9-ம் பிரிவு. செங்கல்பட்டில் உதைத்தது அதுதான். லயத்தில் பிறந்து, அடிவாரத்தில் படித்து, லீவுக்கு மறுபடி மேலே போகும் பிள்ளைக்கு வழக்கமான இடம் தேனியா, கேரளத்து இடுக்கியா? இரண்டு மாநிலத்திலும் மனு போட்டு, எங்கே நடத்துவது என்பதிலேயே ஒரு வருஷத்தைக் கரைத்துவிட முடியும்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு வருஷ வழக்கு ஒரு தொல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்க்கையில் பாதி. சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டும், கோல்ட்ஸ்டைன், சால்னிட் என்ற யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவரும் 1973-ல் எழுதிய புத்தகம் இதை எடுத்துச் சொன்னது: குழந்தையின் காலக் கணக்கு வேறு, உடைந்த வீட்டில் சிறந்தது என்று எதுவும் இல்லை, இருப்பவற்றில் தீங்கு குறைந்ததைத்தான் தேட முடியும். இதை நான் முழுமனதாக ஏற்கிறேன். குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவரே மற்றவரைப் பார்க்க விடலாமா என்று முடிவு செய்யட்டும் என்று அதே புத்தகம் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. கோபத்தில் இருப்பவர் கையில் அந்தச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

தாமதத்தால் லாபம் அடைபவரும் உண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், வாய்தா மேல் வாய்தா வாங்கி, 'இப்போது என்னிடம்தான் பழகியிருக்கிறது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் இப்படித் தந்தையிடமே வளர்ந்த ஒரு சிறுமியின் வழக்கில், தாயோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கு அந்த வாய்ப்பைத் தந்து தாயிடம் அனுப்பியது. பழகிய வாழ்க்கையைக் கலைக்கக் கூடாது என்பது நல்ல விதி. அந்தப் பழக்கத்தை யார், எப்படி உண்டாக்கினார் என்று பார்த்த பிறகுதான் அது விதி.

பிறகு, பிள்ளையைக் கேட்பது. நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, 'உனக்கு யார்கிட்ட இருக்கணும்?' என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எந்தப் பதில் சொன்னாலும் வெளியே நிற்கும் ஒருவரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். 'அப்பா குடும்பத்தைக் கவனிக்கிறதில்லை' என்று ஏழு வயது வாய் சொன்னால், அது யாருடைய வாக்கியம் என்று உடனே தெரியும். பிள்ளையைக் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் விட்ட தவறைத்தான் பிரிவி கவுன்சில் அன்றே குறித்தது. ஆனால் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது. 'காலையில உன்னை யாரு எழுப்புவா?', 'சோறு ஊட்டும்போது என்ன கதை சொல்லுவாங்க?', 'ராத்திரி பயமா இருந்தா என்ன பண்ணுவ?' என்று கேட்டால் பிள்ளை தன் வாழ்க்கையைச் சொல்லும். தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

அடி, மிரட்டல், தகாத தொடுதல் இருக்கும் வீட்டுக்கு இந்த நிதானமெல்லாம் பொருந்தாது. பிள்ளையின் மேல் கை படவில்லை, அம்மாவைத்தானே அடித்தார் என்பதும் பதில் ஆகாது. அதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றது பிள்ளைதானே. அங்கே முதலில் பாதுகாப்பு. மற்ற எல்லா அளவுகோலும் அதற்குப் பின்.

அந்த ஆபத்து இல்லாத வீடுகளில், இருவரும் ஓரளவு நல்லவர்களாக இருக்கும்போது, எதை வைத்து முடிவு செய்வது? எனக்குத் தெரிந்து ஒன்றுதான் மிஞ்சுகிறது. பிள்ளை மற்றவர் வீட்டுக்குப் போய் வந்து, 'அங்கே நல்லா இருந்துச்சு' என்று இவர் முன்னால் தைரியமாகச் சொல்ல முடியுமா? சொல்ல முடியும் வீடு எதுவோ அதுவே அதற்கு ஏற்ற வீடு. இரண்டு பேரின் அன்புக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 2020-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரில் பார்க்க முடியாதவர் போனிலும் வீடியோவிலும் பேசட்டும் என்றது. இங்கே உரிமை என்பது முழுக்கப் பிள்ளையுடையது. வழக்கில் ஜெயித்தவருக்குக் கிடைப்பது வேலை: எழுப்புவது, ஊட்டுவது, சனிக்கிழமை மற்றவரிடம் முகம் சுளிக்காமல் அனுப்பிவைப்பது.

உங்கள் சொந்தபந்தத்தில் இப்படி ஒரு வழக்கு நடந்தால் இரண்டு விஷயம் செய்யுங்கள். வாய்தா வாங்கலாம் என்று யார் யோசனை சொன்னாலும் தடுங்கள். கல்யாண வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது, பாசத்தில்கூட, 'நீ யாருகிட்ட இருக்கப் போற?' என்று கேட்காதீர்கள்.