பீப்பாய்க்குள் ஒரு சாவி

ஒரு படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் யாரோ ‘அது குப்பை’ என்றதும், ‘எனக்கும் அப்படித்தான் தோணிச்சு’ என்று தலையாட்டியிருக்கிறீர்களா? நான் ஆட்டியிருக்கிறேன்.

ஜப்பானில் 2012-ல் ‘ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்’ என்று ஓர் அனிமே தொடர் வந்தது. வீடியோ கேமுக்குள் ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டத்தில் செத்தால் நிஜத்திலும் சாவு. அமெரிக்காவிலும் டீன் ஏஜ் ரசிகர்கள் சொக்கிப் போனார்கள். பிறகு யூடியூப் விமர்சகர்கள் கிளம்பினார்கள். கதையில் ஓட்டை, ஹீரோ அசகாய சூரன் என்று கிழிகிழியென்று கிழித்தார்கள். பல குறைகள் நிஜம்தான். ஆனால், நேற்றுவரை கண்கலங்கப் பார்த்தவன், ‘சேச்சே, எனக்கு அது எப்பவுமே பிடிக்காது’ என்றான் பாருங்கள்... அது ரசனையா, பயமா?

1757-ல் டேவிட் ஹியூம் என்ற தத்துவஞானி, செர்வாண்டிஸிடம் கடன் வாங்கி ஒரு கதை சொன்னார். ஒயினை ருசி பார்த்த ஒருவர், ‘நல்லாருக்கு, லேசா தோல் வாசனை’ என்றார். இன்னொருவர், ‘நல்லாருக்கு, லேசா இரும்பு வாசனை’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் கிடந்தது, தோல்வார் கட்டிய பழைய சாவி!

நல்ல விமர்சகர் சாவி இருப்பதைச் சொல்வார். சொல்லட்டும், நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்வோம். ஆனால் கவனியுங்கள், அந்த இருவருமே ‘நல்லாருக்கு’ என்றுதான் ஆரம்பித்தார்கள். சாவி கிடைத்தது என்பதற்காக, குடித்த ருசியை இல்லையென்று சொல்வானேன்?

‘குறை இருக்கு. இருந்தாலும் எனக்குப் பிடிச்சுது.’ இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் போதும்.