அளவும் வலிமையும்

வலிமை மிகுந்ததே வெல்லும் என்பது உலகோர் துணிபு. அத்துணிபைக் கையடக்க விளையாட்டுக் கருவியொன்று பொய்யாக்கியது.

1989ஆம் ஆண்டில் நிண்டெண்டோவின் கேம் பாயும் அட்டாரியின் லிங்க்ஸும் அமெரிக்கச் சந்தையில் எதிரெதிரே நின்றன. லிங்க்ஸ் வண்ணத்திரையும் மிகுந்த ஆற்றலும் உடையது. ஆனால் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிடும். விலையோ ஏறத்தாழ இருமடங்கு. கேம் பாயின் திரை வண்ணமற்றது. எனினும் நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேல் உழைத்தது. டெட்ரிஸ் விளையாட்டும் உடன் வழங்கப்பட்டது. பழகிய மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய நோக்கில் பயன்படுத்துவதே அதனை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை. வெற்றி கேம் பாய்க்கே கிட்டியது.

இவ்வடக்கம் அறமா, வணிகக் கணக்கா? இலாபம் கருதிச் செய்ததை அறமெனப் போற்றலாகுமா என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும், தன் ஆற்றலைக் காட்டுவதற்கென்றே பொருள் செய்பவன் தன்னையே எண்ணுகிறான். வாங்குவோரின் பணப்பையையும் பொழுதையும் கருதிச் செய்பவன் பிறரை எண்ணுகிறான். இலாப நோக்கு அவ்வெண்ணத்தின் தூய்மையைக் குறைக்கலாம். அதன் பயனை அழிப்பதில்லை. பிறர் தேவையையே அளவுகோலாகக் கொள்ளப் பழகுதல் அறத்தின் முதற்படியன்றோ?