இரவின் கானம்

பள்ளிக்கூடத்து மணி ஓய்ந்து, விளக்கேற்றும் வேளையும் கடந்த பின்னரே ஊர் விழித்துக்கொள்ளும் என்பதைத் திருவள்ளூர் வட்டாரத்தில் பால்யத்தைக் கழித்தவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் முகவீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும் ஒன்றுகூட, கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்ட துரியோதனன், இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து குரலெழுப்பிய கணம் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும் வரை, கோரைப்பாயில் பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாகக் கிடந்து கேட்ட பாரதக் கூத்தே பாடசாலை கற்பியாத பாடமாயிற்று. மறுநாள் கணக்கு வகுப்பில் தூங்கி விழுந்ததும் அதன் பிரசாதந்தான். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து ஆசனமாக்கிக்கொண்ட சுகமும், இலங்கை வானொலியின் இன்னிசையும் அக்காலத்துச் செல்வங்களே.

இன்றோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகளின் செந்தழல் கண்ணுக்குத் தெரிய, இரவுக்கே ஷிப்டு என்று பெயராகிவிட்டது. சங்கீதம் போயிற்றே எனப் பெருமூச்செறிகிறோம். போனது சங்கீதமா, அதைக் கேட்ட செவியா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு. ஏனெனில், வேலை முடிந்து தேநீர்க்கடை பெஞ்சில் அமரும் ஒடிசா இளைஞன், கைப்பேசியைக் காதோடு அணைத்துத் தன் கிராமத்துப் பாட்டொன்றைச் சன்னமாகக் கேட்டவாறு, கையிலுள்ள தேநீரில் ஆடை படிவதையும், சென்னைக்குப் புறப்படும் மின்ரயிலின் ஓசையையும் அறியாமல் உட்கார்ந்திருக்கிறான்.