நீ ரெப்தானே, பார்த்துக்கோ

மாணவர் தலைமை மாணவர்களின் நலனுக்கு நல்லது என்று ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் யாராவது மேடையில் சொல்வார்கள். தன்னம்பிக்கை வளரும், கூச்சம் போகும், நாளை வேலைக்குப் போகும் இடத்தில் கைகொடுக்கும். பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டுவிடுகிறது. தலைமை ஏற்கும் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது? ஒரு விதியை மாற்றும் அதிகாரமா, அழுகிறவளுக்குக் கொடுக்க ஒரு டம்ளர் தண்ணீரா?

முதுகலை படித்தபோது நான் பெண்கள் விடுதியின் பிரதிநிதி. யாரும் ஓட்டுப் போடவில்லை. வார்டன் கூப்பிட்டு, "நீ பொறுப்பா இருப்ப, நீயே இரு" என்றார். மெஸ் கணக்கில் கையெழுத்துப் போடுவதும் இரவு வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் சொல்லப்பட்ட வேலைகள். சொல்லப்படாத வேலை இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும். "அக்கா, அவ மத்தியானத்துலேர்ந்து சாப்பிடல." "அக்கா, கதவத் தொறக்க மாட்டேங்கறா." அரியர் விழுந்தவள், வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று நடுங்குகிறவள், மாதவிடாய் வலியில் சுருண்டு கிடப்பவள். வார்டனிடம் போனால் ஒரே பதில்தான்: "நீ ரெப்தானே, பார்த்துக்கோ."

ஆண்கள் விடுதிக்கும் ஒரு பிரதிநிதி இருந்தார், என் வகுப்புத் தோழர். தண்ணீர் மோட்டார், கிரிக்கெட் மட்டை, விடுதி நாள் வசூல் என்று அவருக்கும் வேலை நிறைய. ஆனால் "அவன் அழறான், வந்து பேசு" என்று அவரை யாரும் நள்ளிரவில் எழுப்பியதில்லை. பையன்கள் அழப்போக ஒரு கதவுகூட இல்லாமல் இருந்தார்கள் என்பது தனிக் கொடுமை, அதை வேறு ஒருவர் எழுத வேண்டும். எனக்கு உறுத்தியது, ஒரே பதவி அவரிடம் நிர்வாகமாகவும் என்னிடம் தாய்மையாகவும் மாறியதுதான். வீட்டில் மூத்த மகள் செய்வதை விடுதியிலும் தொடரச் சொன்னார்கள். அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயரும் வைத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதும்போது உணர்ச்சி உழைப்பு என்ற கருத்தை முன்வைத்தார். தன் உணர்ச்சியை அடக்கி, அடுத்தவரின் மனநிலையைச் சீராக வைத்திருப்பதும் உழைப்பே. அந்தப் பெண்களுக்குச் சம்பளமாவது உண்டு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பராமரிப்பைச் சுரண்டல் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியுமா? கேரல் கில்லிகன் போன்றவர்கள் பராமரிப்பை அறத்தின் ஒரு குரலாகவே பார்த்தார்கள். நானும் அதை மலிவாக நினைக்கவில்லை. இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டுகிறவளிடம் "மனு எழுதிக் கொடு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல எந்தப் பெண்ணியமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் நான் கதவைத் திறந்து திறந்தே, நிர்வாகம் ஒரு மனநல ஆலோசகரை நியமிக்காமல் காலத்தை ஓட்டியது. என் பரிவு அவர்களுக்குச் செலவு மிச்சம். ஆகவே இரண்டு கடமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தோழி என்பதால் அவளுக்குக் கதவைத் திறக்கிறேன். பிரதிநிதி என்பதால், எல்லோரும் ஏன் என் கதவையே தட்ட வேண்டியிருக்கிறது என்று கேட்க வேண்டியவளாகிறேன். இந்த இரண்டாவது கடமையைத்தான் எங்களைப் போன்ற நியமனப் பிரதிநிதிகளிடமிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கடமை கையில் இருந்தால் என்ன நடக்கும்? கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் சங்கம் உண்டு, அப்போது அதன் தலைவர் ஒரு பெண். மாதவிடாய் நாட்களுக்காக வருகைப் பதிவில் சலுகை வேண்டும் என்று சங்கம் கேட்டது. 2023 ஜனவரியில் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்திலும் மாணவிகளுக்குக் கூடுதலாக 2 சதவீதம் தளர்த்தியது. சில நாட்களில் கேரள அரசு அதை உயர்கல்வித் துறையின் கீழுள்ள பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் விரித்தது. 75 சதவீதம் கட்டாயம் என்றிருந்த இடத்தில் மாணவிக்கு 73 போதும். சின்ன எண்தான். மாதவிடாயை நோய்போலக் காட்டுகிறது என்று வாதிட்ட பெண்களும் உண்டு, அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வலியோடு படுத்திருக்கும் ஒருத்தி, போன வகுப்புக்காகவும் சேர்த்து அழ வேண்டியதில்லை. அவள் தலையை யாரும் தடவிக் கொடுக்காமலே அது நடந்தது.

பதவி இருந்தால்தான் இது நடக்கும் என்பதுமில்லை. 2015இல் டெல்லியில் 'பிஞ்சரா தோட்' என்று விடுதிப் பூட்டு நேரங்களுக்கு எதிராகத் திரண்ட மாணவிகளை யாரும் நியமிக்கவில்லை.

தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதிலும் ஒரு முடிச்சு. 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகளின்படி வேட்பாளருக்குக் குறைந்தது 75 சதவீத வருகை வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. படிப்பைக் காப்பாற்றும் நல்லெண்ணம்தான். ஆனால் மனச்சோர்வில் வகுப்புக்கு வராமல் அறையிலேயே கிடந்தவள், அதனால் தாள் தவறவிட்டவள், மாணவர் நலன் பற்றி அதிகம் சொல்லக்கூடியவள். அவளால் வேட்புமனுவே போட முடியாது.

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே இல்லாததால் இந்தக் கவலைகூட நமக்குக் கிடைப்பதில்லை. பாலியல் துன்புறுத்தல் தொடர்பான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கின்றன. இளங்கலை, முதுகலை, ஆய்வு என்று நிலைக்கு ஒருவர். இதைப் படிக்கும் மாணவிகள் உங்கள் கல்லூரியில் அந்த மூன்று பேர் யார் என்று அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நான் இப்போது ஆசிரியை. என் மாணவி ஒருத்தி விடுதிப் பிரதிநிதியாக இருக்கிறாள். கதவைத் தட்டும் ஒவ்வொரு இரவையும் ஒரு நோட்டில் குறிக்கிறாள். தேதி, நேரம், என்ன சிக்கல், எவ்வளவு நேரம் ஆனது. யார் பெயரும் கிடையாது. மாதக் கடைசியில் பிரதி எடுத்து வார்டனிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குகிறாள். "இதெல்லாம் எதுக்கும்மா எழுதி வைக்கற?" என்று கேட்டார்களாம். "ஆலோசகர் கேட்டு மனு கொடுக்கணும் மேடம், அதுக்குத்தான்" என்றிருக்கிறாள். ஆலோசகர் இன்னும் வரவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவள் தூங்காத இரவுகள் அதில் எங்கேயும் இல்லை. அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.